பாலக்கோடு ஃபோல்டரைக் காணோம்

நிலத்துக்கு விலாசம் சொல்வதே அடுக்கு முறைதான். மாவட்டம், வட்டம், குறுவட்டம், கிராமம், புல எண், அதற்குள் உட்பிரிவு. தருமபுரிப் பக்கம் கம்ப்யூட்டர் வாங்கிய தனியார் சர்வேயர்களும் பத்திரம் எழுதுபவர்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் முதல் வேலையாக இதே வரிசையில் ஃபோல்டர் போட்டுக்கொண்டார்கள். அரூர் ஃபோல்டருக்குள் கிராமம், கிராமத்துக்குள் புல எண், அதற்குள் புலப்படமும் பட்டா நகலும் கிரயப் பத்திரத்தின் ஸ்கேனும். கண்ணால் பார்த்துத் தேடும்வரை இதில் தொல்லை இல்லை. மொத்தத்தையும் வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும், எது விட்டுப்போயிற்று என்று ஒப்பிட வேண்டும், பெயர்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று வரும்போதுதான் ஒரு புரோகிராம் தேவைப்படுகிறது. மேலிருந்து இறங்கி, ஒவ்வொரு கிளைக்குள்ளும் நுழைந்து, ஒரு ஃபைலையும் விடாமல் தொட்டுத் திரும்பிவரும் புரோகிராம்.

அப்படிப்பட்ட புரோகிராம்களை எழுதியே தருமபுரி டவுனில் ஒருவர் சுமார் முப்பது ஆண்டுகளாகப் பிழைத்துவருகிறார். கடை போர்டில் ‘டிடிபி, பேக்கப், டேட்டா ரெகவரி’ என்று இருக்கும். பெயர் வேண்டாம் என்கிறார். வேலையைப் பற்றிக் கேட்டால் நேரம் போவது தெரியாமல் பேசுகிறார். அவர் பேச்சில் அடிக்கடி வருவது ஒன்றுதான்: புரோகிராமில் ஃபோல்டருக்குள் இறங்கும் பகுதி ஒவ்வொரு தலைமுறையிலும் சுருங்கிக்கொண்டே வந்தது, இறங்கிய இடத்தில் கிடைத்ததைச் சரிபார்க்கும் பகுதி வளர்ந்துகொண்டே போயிற்று.

தொடக்கம் டர்போ சி என்ற சி மொழிக் கம்பைலர். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன யாருக்கும் அந்த நீலத் திரை மறக்காது. பிசிக்கு உள்ஃபோல்டர் என்ற ஏற்பாடே 1983-இல் எம்எஸ்-டாஸ் 2.0 மூலம்தான் வந்தது. யூனிக்ஸைப் பார்த்து எடுத்ததுதான். ஆனால் யூனிக்ஸ் பாதையைப் பிரிக்கப் பயன்படுத்திய முன்சாய்வுக் கோட்டை டாஸ் ஏற்கெனவே கட்டளைகளின் சுவிட்சுகளுக்குக் கொடுத்திருந்தது. அதனால் பின்சாய்வுக் கோடு வந்தது. அதே 1983-இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் ஓப்பன்டிர், ரீட்டிர் என்ற இரண்டு ஃபங்ஷன்களைக் கொண்டுவந்தது. அதற்கு முன் யூனிக்ஸ்காரர்கள் ஃபோல்டரையே ஒரு ஃபைலாகத் திறந்து 16 பைட், 16 பைட்டாகப் படித்தார்கள். 2 பைட் ஐநோடு எண் (ஃபைலின் உள் அடையாள எண்), 14 பைட் பெயர். பெயர் 255 பைட் வரை நீளலாம் என்று ஆனதும் அந்த முறை செல்லாமல் போயிற்று. 1988-இல் யூனிக்ஸ் வகையறாவுக்கான போசிக்ஸ் தரம் இந்தப் புதிய ஃபங்ஷன்களை ஏற்றுக்கொண்டது. டாஸ் பக்கத்திலோ ஃபைண்ட்ஃபர்ஸ்ட், ஃபைண்ட்நெக்ஸ்ட் என்ற வேறு ஜோடி.

இந்த இரண்டுக்கும் நடுவே சி மொழி நின்றது. 1989-இல் வெளியான சி மொழியின் அமெரிக்கத் தரத்தில் ஃபைலைத் திறக்கலாம், படிக்கலாம், அழிக்கலாம். ஒரு ஃபோல்டருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று கேட்க வழி கிடையாது. இன்றுவரை தூய சி தரத்தில் கிடையாது. சி++ தரத்துக்கே பூஸ்ட் லைப்ரரியைத் தழுவி அந்த வசதி வந்தது 2017-இல்தான். எங்கும் ஓடும் புரோகிராம் எழுத ஆசைப்பட்டவர்கள் முதல் படியிலேயே தடுக்கி விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

டாஸில் ஒரு மரத்தை இறங்கிப் பார்ப்பது சின்ன வேலை. ஃபைண்ட்ஃபர்ஸ்ட் ஒரு பெயரைத் தரும், ஃபைண்ட்நெக்ஸ்ட் அடுத்ததைத் தரும், கிடைத்தது ஃபோல்டராக இருந்தால் அதே ஃபங்ஷனை மறுபடி அழைக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டர் பையன்கள் அவரிடம் கொண்டுவந்த புரோகிராம்களில் இரண்டு கோளாறுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு பெயர்களை விலக்க மறப்பது. ஒற்றைப் புள்ளி அதே ஃபோல்டர், இரட்டைப் புள்ளி மேல் ஃபோல்டர். விலக்காவிட்டால் புரோகிராம் நின்ற இடத்திலேயே சுற்றி, ஸ்டாக் நிரம்பி விழும். இது உடனே கண்ணில் பட்டுவிடும். இன்னொன்று நயமான கோளாறு. தேடலின் நிலையை வைத்திருக்கும் சிறு கட்டமைப்பை எல்லா மட்டத்துக்கும் பொதுவாக மேலே அறிவித்துவிடுவார்கள். உள்ளே போய்த் திரும்பும்போது மேல் மட்டத்தின் நிலை அழிந்திருக்கும். முதல் கிளை மட்டும் முழுதாக வரும், மற்ற கிளைகள் காணாமல் போகும், எரர் எதுவும் வராது. “தம்பி, ஒவ்வொரு படிக்கும் தனி நோட்டு வேணும்” என்று சொல்லி, அறிவிப்பை ஃபங்ஷனுக்குள் நகர்த்தித் தருவார். வேலை முடிந்தது.

சிடி வந்த காலத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஐஎஸ்ஓ 9660 தரம் எட்டு மட்டத்துக்குமேல் ஃபோல்டர் ஆழத்தை அனுமதிக்கவில்லை; அதன் அடிப்படை நிலையில் பெயருக்கு எட்டு எழுத்து, நீட்சிக்கு மூன்று. மைக்ரோசாஃப்டின் ஜோலியட் நீட்டிப்பு பெயரை 64 எழுத்து வரை விட்டது. விண்டோஸ் 95 நீளப் பெயரை அனுமதித்த பிறகு எழுதிய ஃபைல்கள், சிடியில் ஏறி இறங்கும்போது வால் வெட்டப்பட்டு வந்தன. முதல் எழுத்துகள் ஒன்றாக இருந்த கிராமப் பெயர்களெல்லாம் ஒரே அச்சாக மாறி நின்றன.

பென்டிரைவ் வைரஸ் காலத்தைத்தான் அவர் விரிவாகச் சொல்கிறார். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரவுசிங் சென்டருக்குப் போய்வந்த பென்டிரைவ் ஒன்றுகூட சுத்தமாகத் திரும்பாது. வைரஸ் உண்மையான ஃபோல்டர்களுக்கு மறைவு, சிஸ்டம் என்ற இரண்டு குறிகளையும் போட்டுவிடும். அதே பெயரில், ஃபோல்டர் படம் போட்ட எக்ஸிகியூட்டபிள் ஃபைலையோ ஷார்ட்கட்டையோ வைத்துவிடும். விண்டோஸ் நீட்சியை மறைத்தே காட்டுவதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. “அண்ணா, கல்யாண ஆல்பம் மொத்தமும் போச்சு” என்று ஸ்டூடியோக்காரர்கள் ஓடிவருவார்கள். எதுவும் போயிருக்காது. கறுப்புத் திரையைத் திறந்து அட்ரிப் கட்டளையில் குறிகளை நீக்கினால் எல்லாம் திரும்பிவரும். அந்த ஒரு வரிக் கட்டளையை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. டாஸ் காலத்து ஃபைண்ட்ஃபர்ஸ்ட் ஃபங்ஷனிடம் மறைவானவையும் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தராது. அப்போதும் புழக்கத்தில் இருந்த பழைய பேக்கப் புரோகிராம் ஒன்று அப்படிக் கேட்கவில்லை. விளைவாக, வாடிக்கையாளரின் உண்மையான ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வைரஸ் வைத்த போலிகளை மட்டும் அக்கறையாக பேக்கப் எடுத்து வைத்திருந்தது. யூனிக்ஸ் மரபில் இந்தக் குறியே கிடையாது. பெயர் புள்ளியில் தொடங்கினால் மறைவு, அவ்வளவுதான். ரீட்டிர் அதையும் சேர்த்துத் தந்துவிடும். ஆனால் நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் ஷெல் அதை விட்டுவிடும். மறைவு என்றால் என்ன என்பதிலேயே ஒத்துப்போகாத இரண்டு வழக்கங்களுக்கு ஒரே புரோகிராம் எழுதுகிறவர், எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்பதைத் தானே முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும்.

லினக்ஸ் தருமபுரிக்குள் பரவலாக வந்தது விலையில்லா மடிக்கணினியோடுதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சிடாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் கற்ற டர்போ சி புரோகிராமை அதில் ஓட்டிப் பார்த்தார்கள். லினக்ஸின் ஜிசிசி கம்பைலர் முதல் வரியிலேயே நிறுத்தியது. டிஐஆர்.ஹெச் என்ற ஹெடரே அங்கே இல்லை. பிழை பிள்ளைகளுடையது அல்ல. உலகம் விட்டுவிட்ட கம்பைலரைப் பாடத்திட்டங்கள் இருபது ஆண்டு கடந்தும் பிடித்துக்கொண்டிருந்ததற்கு அந்தப் பிள்ளைகள் தங்கள் நேரத்தை விலையாகக் கொடுத்தார்கள்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சிக்கலும் அப்போதுதான் வந்தது. லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிய ‘ஹரூர்’ ஃபோல்டரும் சின்ன எழுத்தில் எழுதிய ‘ஹரூர்’ ஃபோல்டரும் வேறு வேறு. விண்டோஸுக்கு நகர்த்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே பெயருள்ள ஃபைல்களில் ஒன்று மற்றொன்றின்மேல் ஏறிவிடும். கட்டுமான வேலைகளுக்கு ஒருவர் லினக்ஸில் சுருக்கமாக ‘கான்’ என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து ஃபோல்டர் வைத்திருந்தார். டாஸ் காலத்திலிருந்தே அந்த மூன்றெழுத்து கன்சோலுக்கு ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் அந்தப் பெயரில் ஃபோல்டரை உருவாக்க ஒப்பவில்லை.

இவற்றையெல்லாம்விட வரிசை என்ற விஷயம்தான் அவருக்குக் கவலை தந்தது. ஃபோல்டருக்குள் இருக்கும் பெயர்களை எந்த வரிசையில் தருவது என்று போசிக்ஸ் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அகரவரிசையில் தருகிறது. பென்டிரைவில் இருக்கும் ஃபேட் அமைப்பு, எழுதப்பட்ட வரிசையை ஒட்டித் தருகிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஹாஷ் கணக்குப்படி தருகிறது; பார்ப்பவருக்கு அது எந்த வரிசையும் இல்லாததுபோல் தெரியும். பத்திரங்களின் பக்கங்களை ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கும் சிறு புரோகிராம் ஓர் அலுவலகத்தில் விண்டோஸில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. லினக்ஸுக்கு மாற்றிய அன்று பக்கங்கள் கலைந்தன. சொத்து விவரம் இருக்க வேண்டிய இடத்தில் சாட்சிக் கையெழுத்து வந்தது. எழுதியவர் எங்கும் வரிசைப்படுத்தவில்லை; ஓடிய இடம் வரிசைப்படுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. வரிசைப்படுத்தும் ஒரு வரியைச் சேர்த்தும் முழுதாகத் தீரவில்லை. எழுத்தாக வரிசைப்படுத்தினால் 1-க்குப் பிறகு 10, 100, அதன் பிறகே 2. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் எண்களை எண்ணாகப் பாவித்துத் திரையில் காட்டுவதால், கண்ணால் பார்த்த வரிசையும் புரோகிராமுக்குக் கிடைக்கும் வரிசையும் ஒன்றல்ல என்பது பலருக்குத் தெரியாமலே போகிறது.

இது சின்ன ஊர்ச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. வேதியியல் மூலக்கூறுகளின் காந்த ஒத்ததிர்வு அளவுகளைக் கணக்கிட 2014-இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் பைத்தான் நிரல்கள் வெளியாயின. 2019-இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே தரவை வெவ்வேறு ஆபரேட்டிங் சிஸ்டங்களில் அதே நிரலுக்குக் கொடுத்தபோது வெவ்வேறு விடை வந்தது. காரணம், பைத்தானின் க்ளாப் லைப்ரரி ஃபைல்களை வரிசைப்படுத்தித் தராது. நிரலோ வரிசையாக வரும் என்று நம்பி இரண்டு ஃபைல்களை ஜோடி சேர்த்தது. ஆர்கானிக் லெட்டர்ஸ் இதழில் அந்தக் குறையை வெளியிட்டார்கள். தவறான ஜோடியும் ஓர் எண்ணைத் தரத்தான் செய்யும், அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. இந்தச் செய்தியை அவர் தன்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்கிறார்.

2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. பிறகு பாலக்கோடு வட்டத்திலிருந்து காரிமங்கலமும் தருமபுரி வட்டத்திலிருந்து நல்லம்பள்ளியும் பிரிந்தன. கிராமம் நகரவில்லை; அதன் விலாசம் மாறியது. பழைய பாதையை வைத்து வேலை செய்து பழகியவர்கள் புதிய வட்டத்துக்கு ஃபோல்டரை மாற்றிவிட்டு, பழைய இடத்தில் ஒரு இணைப்பை வைத்தார்கள். லினக்ஸில் சிம்லிங்க், விண்டோஸில் ஜங்ஷன். மனிதருக்கு வசதி. இறங்கிப் பார்க்கும் புரோகிராமுக்கோ அதே கிராமம் இரண்டு இடத்தில் இருக்கிறது. இணைப்புக்குள் நுழைந்தால் எண்ணிக்கை இரட்டிக்கும். இணைப்பு தன் மேல் ஃபோல்டரையே சுட்டினால் சுற்று முடியாது. விண்டோஸ் விஸ்டா தொடங்கிப் பழைய புரோகிராம்களுக்காக மைக்ரோசாஃப்ட்டே இப்படிப்பட்ட ஜங்ஷன்களை வைத்திருக்கிறது. புரோகிராம்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் ‘அப்ளிகேஷன் டேட்டா’ திரும்பவும் புரோகிராம்டேட்டாவையே சுட்டும். அதற்குள் நுழைந்த நகல் புரோகிராம்கள் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப ஒட்டி, 260 எழுத்து என்ற விண்டோஸ் பாதை வரம்பில் முட்டி நின்றன. அப்படி உண்டான ஆழமான ஃபோல்டர்களை அழிக்கவும் எக்ஸ்ப்ளோரர் மறுக்கும்.

அவருடைய வழக்கம் இது: பொதுவாக இணைப்புக்குள் நுழைவதில்லை. நுழைந்தே ஆக வேண்டுமென்றால், லினக்ஸில் ஒவ்வொரு ஃபோல்டரின் சாதன எண்ணையும் ஐநோடு எண்ணையும் குறித்துவைத்து, ஏற்கெனவே பார்த்ததென்றால் திரும்பிவிடுகிறார். பேக்கப் எழுதும் இடம் படிக்கும் மரத்துக்குள்ளேயே இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்க்கிறார். தான் எழுதுவதையே தான் படித்து மறுபடி எழுதும் புரோகிராம், டிஸ்க் நிறையும்வரை ஓயாது. ஸ்டூடியோக்களில் இது சகஜம்.

பைத்தான் வந்தபின் இறங்கும் வேலை மூன்று வரியாயிற்று. 2003-இல் வெளியான பைத்தான் 2.3 தந்த ஓஎஸ்.வாக் போதும். முன்சாய்வா பின்சாய்வா என்று யோசிக்க வேண்டியதில்லை, புள்ளிகளை விலக்க வேண்டியதில்லை, சிம்லிங்குக்குள் அதுவாகவே நுழையாது. ஆனால் பெரிய மரங்களில் மெதுவாக ஓடியது. பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக ‘நீ ஃபோல்டரா’ என்று சிஸ்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த விவரத்தை விண்டோஸ் பெயரோடு சேர்த்தே தருகிறது, லினக்ஸும் பெரும்பாலும் தருகிறது, வாங்கித் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பென் ஹாய்ட் முன்மொழிந்த ஸ்கேன்டிர் 2015-இல் பைத்தான் 3.5-இல் சேர்ந்ததும் ஓஎஸ்.வாக் லினக்ஸ் வகையறாவில் 3 முதல் 5 மடங்கும் விண்டோஸில் 7 முதல் 20 மடங்கும் வேகமானதாகப் பைத்தான் குழுவே எழுதியது. நெட்வொர்க் டிஸ்க் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் புரோகிராமை மாற்றாமலேயே அந்தப் பலனை அனுபவித்தார்கள். மொழியே தரும் பொது முறையை நம்பி எழுதுவதில் இப்படி ஒரு லாபம் உண்டு.

ஆனால் ஓஎஸ்.வாக்கிடம் ஒரு குணம் இருக்கிறது. திறக்க அனுமதி இல்லாத ஃபோல்டரைக் கண்டால், நாம் தனியாகக் கேட்டாலொழிய, ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். பேக்கப் ‘வெற்றி’ என்று முடியும். உள்ளே ஒரு கிராமமே இருக்காது. அவர் எழுதும் எந்தப் புரோகிராமும் தாண்டிய ஃபோல்டர்களின் பட்டியலைக் கடைசியில் அச்சிடாமல் முடிவதில்லை. வாடிக்கையாளருக்கு அந்தப் பட்டியல் பிடிக்காது. இருந்தும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வேலையை முடிக்கிறார். இந்தப் பிடிவாதம் எல்லோருக்கும் இருக்க வேண்டியது.

இனி தமிழ்ப் பெயர்கள். யூனிக்கோடு வழக்கத்துக்கு வருவதற்குமுன் ஃபைலின் உள்ளே வானவில், பாமினி என்று ஏதோ ஒரு எழுத்துருவில் தமிழ் இருக்கும். ஃபைலின் பெயர் ஆங்கிலத்தில்தான். 2010-இல் தமிழக அரசு யூனிக்கோடை ஏற்றபின், ஃபோல்டர் பெயர்களும் மெல்ல மெல்லத் தமிழுக்கு வந்தன. தருமபுரி, தர்மபுரி என்று இரண்டு எழுத்து வழக்கம் இருப்பதால் இரண்டு ஃபோல்டர் உண்டாவது கண்ணுக்குத் தெரியும் சிக்கல். கண்ணுக்குத் தெரியாதது வேறொன்று.

ஒரு டிசைனர் மேக் கம்ப்யூட்டரில் வைத்திருந்த ஃபோல்டர்களை லினக்ஸ் சர்வருக்கு ஏற்றினார்கள். அங்கே ஏற்கெனவே இருந்தவற்றோடு ஒப்பிட்டபோது அரூர் பொருந்தியது, காரிமங்கலம் பொருந்தியது. பாலக்கோடு, பொம்மிடி, மொரப்பூர், தொப்பூர் நான்கும் ‘காணோம்’ என்று வந்தன. திரையில் பார்த்தால் இரண்டு பாலக்கோடு, எழுத்துக்கு எழுத்து ஒன்றே. விஷயம் ஒகர, ஓகாரக் குறிகளில் இருந்தது. யூனிக்கோடில் ‘கோ’வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் ஏகாரக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியீடாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்கிறது யூனிக்கோடு. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸுக்குப் பெயர் வெறும் பைட் வரிசை. ஒரு பைட் மாறினாலும் வேறு ஃபோல்டர். ஒகர, ஓகார, ஔகாரக் குறி உள்ள ஊர்கள் எல்லாம் இதில் சிக்கும், மற்றவை தப்பும். ஒப்பிடும்போது இரண்டு பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். திறக்கும்போது டிஸ்க் தந்த பெயரையே, பைட் மாறாமல், திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பினால் இருக்கிற ஃபைலும் திறக்காது.

நீளமும் தமிழருக்கு வேறு கணக்கு. இஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட் தருகிறது. ஆங்கிலத்தில் 255 எழுத்து. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘பாலக்கோடு’ என்ற ஒரு சொல்லுக்கே 27 பைட் போய்விடுகிறது. மொத்தம் 85 குறியீட்டோடு பெயர் முடிந்தாக வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அதே பெயரை 255 குறியீடு வரை விடுகிறது. விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், கிராமம், ஆவண எண் என்று அத்தனையையும் ஃபைல் பெயரிலேயே எழுதும் பத்திர அலுவலகங்களின் ஃபைல்கள் விண்டோஸில் பிறந்து லினக்ஸில் ஏற மறுப்பது இதனால்தான். இந்த வரம்புகளை வகுத்தவர்கள் தமிழில் பெயர் வைப்பவரை மனத்தில் வைத்து வகுக்கவில்லை. ஆகவே தமிழில் பெயர் வைக்கும் நாம்தான் இவற்றைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டியிருக்கிறது. இதற்காகத் தமிழை விட்டு ஆங்கிலத்துக்குத் திரும்புவதை அவர் ஏற்பதில்லை. புரோகிராமைத் திருத்துங்கள், ஊர்ப் பெயரைத் திருத்தாதீர்கள் என்கிறார்.

இப்போது அவர் கற்றுக்கொடுக்கும் பிள்ளைகளிடம் முதலில் கொடுப்பது ஒரு சோதனை ஃபோல்டர். அதற்குள் காலி ஃபோல்டர் ஒன்று, இடைவெளி உள்ள பெயர் ஒன்று, மேல் ஃபோல்டரையே சுட்டும் இணைப்பு ஒன்று, திறக்க அனுமதி இல்லாத ஃபோல்டர் ஒன்று, மறைவான ஃபைல் ஒன்று, 2-உம் 10-உம் என்று பெயரிட்ட இரண்டு, பெரிய எழுத்திலும் சின்ன எழுத்திலும் ஒரே பெயர், இரண்டு வடிவத்திலும் எழுதிய பாலக்கோடு எல்லாம் இருக்கும். எழுதிய புரோகிராம் இதற்குள் இறங்கி ஏறி, எத்தனை பார்த்தேன், எதைத் தாண்டினேன், ஏன் தாண்டினேன் என்று சரியாகச் சொன்னால்தான் வாடிக்கையாளரின் டிஸ்க்கைத் தொட விடுகிறார்.

ஊரின் பழைய பத்திரங்களையோ கோயில் கணக்குகளையோ பள்ளிப் பதிவேடுகளையோ ஸ்கேன் செய்து சேமிக்கத் தொடங்கியிருப்பவர்கள் இப்படி ஒரு சோதனை ஃபோல்டரை இன்றே உருவாக்கி, தாங்கள் நம்பியிருக்கும் பேக்கப் புரோகிராமை அதன்மேல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால், மூலப் பிரதிகளை இப்போதைக்குத் தூக்கிப்போடாதீர்கள்.